அரை இடம் தள்ளி

என் அருமை அம்மாஞ்சி கிச்சாவுக்கு,

சௌக்கியமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்கிப் பழக்கம். உன்னிடம் அதைக் கேட்கக் கை வரவில்லை. நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ இருந்தபோதும், கடைசி எட்டு மாதம், எழுதவில்லை. இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்கு நம் கோஷ்டி ஒரு இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டூடியோவில் இருக்க வேண்டும்.

ஆமாம், நம் கோஷ்டிதான். கலைந்து போன ஃப்ரைடேஸ் மறுபடி சேர்ந்திருக்கிறது. நீ இல்லாமல் சேர்ந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தை மாட்டுங்காவில் நம்மவர்கள் போடும் ஆண்டு மலருக்குக் கொடுக்கப்போகிறேன். உனக்கும் எனக்கும் மட்டும் என்றால் மனசுக்குள்ளேயே எழுதிக்கொண்டு இருந்துவிடலாம். ஆனால் நான் உன்னைத் திட்டியது ஒரு ஹால் நிறைய ஆட்கள் முன்னால். திட்டினது ஊரறிய, மன்னிப்பு மட்டும் ரகசியமாக என்றால் அது என்ன நியாயம்? நாலு பேர் படிக்கட்டும்.

அந்த நாலு பேருக்காக உனக்குத் தெரிந்த கதையைக் கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ என் மாமா பிள்ளை. என்னைவிட இரண்டு வயது சின்னவன். மாட்டுங்காவில் ஒரே கட்டிடம். நாங்கள் முதல் மாடி, நீங்கள் இரண்டாவது. அறுபத்து நான்கில் இங்கிலாந்துப் பாட்டுகள் ரேடியோவில் வந்து பம்பாய்ப் பையன்களை எல்லாம் ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தன. தெருவுக்கு ஒரு பீட் குரூப். நானும் ஒரு கிதாரை வாங்கி மாட்டிக்கொண்டேன். என்னோடு பேங்க்கில் வேலை பார்த்த செம்பூர் ராஜாமணி பேஸ் கிதார் எடுத்தான். பாடுவதற்கு அவனுடைய காலேஜ் சிநேகிதன் காஜா வந்தான். தாராவிக்காரன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவனுடைய வாப்பா தோல் பட்டறை வைத்திருந்தார்.

டிரம்முக்கு ஆள் தேடி நாங்கள் எங்கேயும் போகவில்லை. சின்ன வயசில் ஐந்து வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்ட ஒருவன் மாடிப்படியில் உட்கார்ந்து முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தான். "அத்தான், என்னையும் சேர்த்துக்கோ" என்று நீ கேட்கக்கூட இல்லை. நாங்கள் கிளம்பினபோது எழுந்து கூடவே வந்தாய்.

பட்டறைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு ஆபீஸ் விட்டு நேரே அங்கே போய், தோல் கட்டுகளுக்கு நடுவில் நின்று வாசிப்போம். அதனால்தான் ஃப்ரைடேஸ் என்று பேர். வீடு திரும்பினால் மாமி உன்னைக் குளித்துவிட்டு வரச் சொல்லி வாசலிலேயே நிறுத்துவாள். வெளிநாட்டு டிரம் தோல் அப்போது எங்கே கிடைத்தது? காஜாவின் வாப்பா நல்ல ஆட்டுத் தோலாகப் பார்த்து இழுத்துக் கட்டிக் கொடுத்தார். ஜூன் பிறந்தால் அது ஈரம் குடித்து, பிசைந்த மாவு மாதிரி தொய்ந்துவிடும். நீ கரி அடுப்பை மூட்டி டிரம்மைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவாய். நாங்கள் மூன்று பேரும் நின்றபடி காத்திருப்போம். நான் மட்டும் கத்துவேன். "மெதுவா அத்தான், அவசரப்பட்டா கிழிஞ்சுடும்" என்பாய்.

நாம் வாசித்தது அத்தனையும் அடுத்தவன் பாட்டு. ரேடியோவில் கேட்டதை அப்படியே இறக்குவோம். அச்சு அசலாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குத் தலைகால் புரியாது. நீதான் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டாய்: "நம்ம பாட்டு ஒண்ணு போடக்கூடாதா அத்தான்?"

"நம்ம பாட்டை எவன்டா கேட்பான்?" என்றேன். நீ சிரித்துவிட்டு, நான் சரி என்றதாக வைத்துக்கொண்டு, ஒரு பாட்டைக் கட்டத் தொடங்கினாய்.

ஒரு மழைக்காலம் முழுக்க அந்த ஒரு பாட்டை வைத்துக்கொண்டு எங்களைப் படுத்தினாய். மெட்டு சுலபம்தான். தொடங்குகிற இடம்தான் வம்பு. முதல் தட்டில் உன் பெரிய டிரம் மட்டும் தொம் என்று விழும். கிதாரும் குரலும் அதோடு சேர்ந்து வரக்கூடாது. அரை எண்ணிக்கை விட்டு, அடுத்த தட்டு விழுவதற்குள் எடுக்க வேண்டும். கச்சேரி கேட்கிறவர்களுக்கு இது புதிதில்லை. அரை இடம் தள்ளி எடுப்பு என்பார்கள். கிதார் பாட்டில் அதை யார் வைப்பார்கள்? நீ வைத்தாய். எங்களுக்கு வராதபோதெல்லாம் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தட்டித் தட்டிக் காட்டினாய். காஜாவுக்கு முதலில் வந்தது, ராஜாமணிக்கு அப்புறம். கடைசியில் எனக்கு.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. சர்ச்கேட் பக்கம் ஒரு ரெஸ்டாரண்டில் காலை நேர ஜாம் செஷன். காபி குடித்துக்கொண்டே ஆடுகிற கூட்டம். காப்பியடித்த பாட்டுகள் எட்டு முடிந்தன, எல்லோரும் ஆடினார்கள். ஒன்பதாவது நம் பாட்டா என்று கேட்கிற மாதிரி நீ என்னைப் பார்த்தாய். நான் தலையை அசைத்தேன். அதை நான் மறக்கவில்லை, அசைத்தது நான்தான்.

தொம் என்றது. அரை இடம் விட்டு எடுத்தோம். ஆடுகிறவர்கள் கிதாரோடு கால் வைத்தார்கள், அடுத்த தட்டு அவர்கள் காலுக்கு முன்னாலோ பின்னாலோ விழுந்தது. ஒரு பெண் தன் ஜோடியின் காலை மிதித்தாள். யாரோ சிரித்தார்கள். மேனேஜர் கல்லாவிலிருந்து கையை ஆட்டினார். பாட்டு பாதியில் இருந்தது. நான் கையால் கம்பியை அமுக்கி நிறுத்திவிட்டு, மைக் திறந்திருக்கிறது என்றும் பாராமல் திரும்பினேன்.

"தாளம் தெரியலைன்னா பஜனை கோஷ்டிக்குப் போடா! எங்களை ஏன் சந்தி சிரிக்க வைக்கறே?"

ஹால் முழுக்கக் கேட்டது. பாதிப் பேருக்குத் தமிழ் புரியாது. புரிந்தவர்களுக்கு நன்றாகவே புரிந்தது. தாளம் தெரியாதவன் நீ என்று நான் சொன்னேன், கிச்சா. உலகத்தில் யாரைப் பார்த்து என்ன சொன்னேன்!

 மிச்சப் பாட்டுகளுக்கு ஒழுங்காக, நேராக அடித்தாய். சாமான்களை டாக்ஸியில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்து, "நான் வரேன், மிஸ்டர் சேஷாத்ரி" என்றாய். பிறந்ததிலிருந்து என்னை அத்தான் என்று தவிர வேறு பேர் சொல்லி நீ கூப்பிட்டதில்லை. அடுத்த மாதம் அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டு, அங்கேயே அறை எடுத்துப் போனாய். கோஷ்டி அதோடு முடிந்தது. வேறு ஆளை வைத்துப் பார்க்கலாம் என்றேன். மற்ற இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

உனக்கு மஞ்சள் காமாலை என்று மாமாவுக்குக் கார்டு வந்தது. மாமாவும் மாமியும் உடனே கிளம்பினார்கள். காமாலை யாருக்குத்தான் வரவில்லை, கீழாநெல்லி கொடுத்தால் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் நிதானமாகப் போய்ப் பார்க்கலாம் என்றிருந்தேன். எப்போதும் அவசரப்படுகிறவன் அன்றைக்கு மட்டும் நிதானமாக இருந்தேன். வெள்ளிக்கிழமை நீ போய்விட்டாய்.

உன்னிடம் என்ன சொல்வதாக இருந்தேன் என்று இப்போது என்னையே கேட்டுப் பார்க்கிறேன். மன்னிப்புக் கேட்டிருப்பேனா? இல்லை, "இன்னும் கோபமாடா?" என்று தோளில் தட்டி மழுப்பியிருப்பேனா? எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

இனி உனக்குத் தெரியாத செய்திகள்.

இந்த வருஷம் செம்பூரில் ராஜாமணி இருக்கிற காலனியின் கணபதி விழாவுக்கு ஏற்பாடு செய்திருந்த ஆர்க்கெஸ்ட்ரா கடைசி நேரத்தில் வரவில்லை. கமிட்டிக்காரர் ராஜாமணியைப் பிடித்தார், அவன் காஜாவையும் என்னையும் பிடித்தான். டிரம்முக்கு பீட்டர் என்று ஒரு கோவாக்காரர், சினிமா ரெக்கார்டிங்குகளில் வாசிக்கிறவர். நான் கிளம்புவதற்கு முன்னால் இரண்டாம் மாடிக்குப் போய் மாமாவிடம் கேட்டேன். "போய் வாசி. என்னை என்னத்துக்குக் கேக்கறே?" என்றார். சொன்னவர் பஸ் பிடித்துச் செம்பூருக்கு வந்து கூட்டத்தின் கடைசியில் நின்றிருக்கிறார். எனக்கு அது தெரியாது.

பழைய பாட்டுகள் பத்து வாசித்தோம். நல்ல கைதட்டல். காலனிக் குழந்தைகள் மேடை ஓரத்தில் குதித்தார்கள். முடிந்ததும் மாமா கிட்டே வந்தார். "எல்லாம் சரியா இருந்தது. ஒரு தப்பு இல்லே" என்றார். கிளம்பத் திரும்பினவர் நின்றார். "அவன் இருந்த மாதிரியே இல்லே" என்றார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே போனேன். 

கூட்டத்தில் இசைத்தட்டுக் கம்பெனி ஆள் ஒருவரும் இருந்தார். மூன்றாம் நாள் எங்களை ஃபோர்ட் என்கிற கோட்டைப் பகுதியில் இருக்கிற தன் ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஒரு சின்னத் தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. ஆனால் அடுத்தவன் பாட்டு வேண்டாம். இரண்டும் புதிதாக, உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றார்.

நீ கேட்டதை ஒருவர் கூப்பிட்டுக் கொடுக்கிறார். உன்னைத்தான் காணோம்.

இரானிக்காரர் டீக்கடையில் உட்கார்ந்து மூன்று பேரும் சண்டை போட்டோம். ராஜாமணிக்குச் சந்தேகமே இல்லை. "கிச்சா என்னடா கேட்டான்? நம்ம பாட்டு ஒண்ணு போடலாம்னுதானே கேட்டான்? இப்போ வேண்டாம்னா, அவனை ரெண்டாம் தடவை வேண்டாம்னு சொன்னாப்ல ஆகும்."

காஜா டீயைத் தொடவில்லை. "கிச்சா கொட்டுன பழைய பாட்டயே பாடிட்டுப் போவோம் வே. அதுல ஒரு மரியாத இருக்கு. புதுசுன்னா அவன் இல்லாத பாட்டு. அந்தப் பாட்டுக்குள்ள போயி அவன நான் எங்க தேட?"

"சேர்ந்ததே தப்புங்கறியா?" என்றான் ராஜாமணி.

"சேந்தது தப்புங்கல. கணவதிக்கு வாசிச்சோம், சரி. அவன் எடத்துல ஒரு ஆள உக்கார வச்சிட்டு, பேரு மட்டும் ஃப்ரைடேஸ்னு புதுசா தட்டுப் போடதுதான் தப்பு."

நீ கட்டின பாட்டையே போடலாமே என்றான் ராஜாமணி. அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பாட்டுக்கு முடிவு கிடையாது. வெள்ளிக்கு வெள்ளி நீ அதன் பின்பாதியை மாற்றிக்கொண்டே இருந்தாய், முழுசாக வாசிக்கப் புறப்பட்ட அன்றைக்கு நான் நிறுத்திவிட்டேன். அதற்கு நான் ஒரு முடிவு கட்டி ஒட்டினால், அதைவிட அசிங்கம் இருக்குமா?

ஒருத்தன் வேண்டும் என்கிறான், ஒருத்தன் வேண்டாம் என்கிறான். இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வாரம் டயம் கேட்டுத் தப்பித்தேன். அந்த வாரத்தில் முதல் பக்கத்துக்கு மட்டும் ஒரு பாட்டுக் கட்டினேன், மறுபக்கம் அப்புறம் என்று. வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சமாதானம் சொல்லி, எல்லோரையும் வெள்ளிக்கிழமை பட்டறைக்கு வரச் சொன்னேன்.

பட்டறையில் மூலையில் உன் டிரம் அப்படியே இருக்கிறது, மேலே சாக்கு போட்டு மூடி. பீட்டர் தன்னுடையதைக் கொண்டு வந்திருந்தார். நான் மெட்டைச் சொல்லிக்கொடுத்தேன். எளிய, நேரான மெட்டு. முதல் தட்டிலேயே எடுக்கிற மாதிரிதான் மனசில் கட்டியிருந்தேன். சத்தியமாக அப்படித்தான்.

பீட்டர் குச்சியைத் தட்டி "ஏக், தோ, தீன், சார்" என்று எண்ணினார். பெரிய டிரம் தொம் என்றது. நாங்கள் மூன்று பேரும் அரை இடம் விட்டு எடுத்தோம்.

பீட்டர் நிறுத்தினார். மறுபடி எண்ணினார், மறுபடி அரை இடம். மூன்றாம் தடவை நான் கண்ணை மூடிக்கொண்டு, முதல் தட்டில் விழுந்தே ஆக வேண்டும் என்று கையை ஓங்கினேன். கை காத்திருந்தது, கிச்சா. நான் சொன்னதைக் கேட்காமல் அந்த அரை எண்ணிக்கை போகட்டும் என்று காத்திருந்தது. பக்கத்தில் இரண்டு பேரும் காத்திருந்துவிட்டு என்னோடு சேர்ந்து விழுந்தார்கள்.

பீட்டர் குச்சிகளை மடியில் வைத்தார். "பாஸ், தீனோ லேட் ஆதே ஹோ. ஏக் ஹீ ஜகா!" மூன்று பேரும் பிந்துகிறீர்கள், அதுவும் ஒரே இடத்தில் என்றார். கோபம் இல்லை, ஆச்சரியம்தான். "கிஸ்னே ஸிகாயா?" என்று கேட்டார்.

நான் கிதாரின் ஆணியைத் திருகிக்கொண்டு நின்றேன். காஜா என் பக்கம் திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"எவன்ட்ட படிச்சியன்னு கேக்கான். சொல்லு வே, சேசு."

ராஜாமணி சொல்லியிருக்கலாம். காஜாவே சொல்லியிருக்கலாம். இருவரும் அதை எனக்கே விட்டார்கள். நான் மூலையில் இருக்கிற சாக்கைக் காட்டி, எனக்குத் தெரிந்த ஹிந்தியில், என் மாமா பிள்ளையிடம் கற்றுக்கொண்டோம் என்றேன். அவன் பேர் கிருஷ்ணன் என்றேன். தாளம் என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான் என்றேன்.  தோல் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து அழுதேன். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், யாரும் சமாதானம் சொல்ல வரவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பீட்டர் எழுந்து போய்ச் சாக்கை விலக்கி, உன் டிரம்மை விரலால் தட்டிப் பார்த்தார். தொய்ந்து கிடந்தது. "இது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஸ்டூடியோவில் தப்பு என்பார்கள்" என்றார் ஹிந்தியில். பல வருஷம் அங்கே வாசித்தவர், அவருக்குத் தெரியாதா?

காஜா சொன்னான். "நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிடுதேன். காப்பி அடிச்ச பாட்டுல எவனோ வெள்ளக்காரன் கணக்குலல்லா வாசிச்சோம். அதுல கிச்சா எங்க இருந்தான்? இதுலதான் இருக்கான். ஆனா ஒண்ணு. அந்த அரைய எவனாச்சும் நீக்கச் சொன்னான்னா, நான் பாட மாட்டேன்."

மாமா செம்பூரில் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு தப்பு இல்லாமல் வாசித்தோமே, அதனால்தான் நீ அங்கே இல்லை.

மறுநாள் கோட்டைக்குப் போய்க் கம்பெனிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். மேஜையில் தட்டிக் காட்டினேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் முகம் மாறிவிட்டது. இது ஆடுகிற பாட்டு, கால் எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் யார் வாங்குவார்கள் என்றார். அதே கேள்வியை நான் உன்னிடம் வேறு மாதிரி கேட்டவன் ஆயிற்றே, எனக்குக் கோபம் வரவில்லை. கடைசியில், வியாழக்கிழமை வாருங்கள், ஒரு தடவை உங்கள் வழியிலே வாசியுங்கள், ரெக்கார்டிஸ்ட் ஒப்புக்கொண்டால் சரி, இல்லையென்றால் நேராக வாசியுங்கள் என்றார். நேராக வாசிக்க முடியாது என்றால் வேறு கோஷ்டி காத்திருக்கிறதாம்.

நாளைதான் அந்த வியாழக்கிழமை. இந்த மலர் அச்சாகி வருகிறபோது என்ன ஆயிற்று என்று ஊருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இப்போது தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தத் தட்டு வேண்டும். நம் பேர் போட்ட ஒரு தட்டு மாமா வீட்டு மேஜையில் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஒரே ஒரு தரம் நேராக வாசித்துவிட்டால் என்ன, கிச்சா என்ன கேட்கவா போகிறான் என்று நேற்றுக்கூட ஒரு நிமிஷம் தோன்றியது. நான் எப்பேர்ப்பட்டவன் என்று உனக்குத் தெரியும், ஆகையால் மறைக்கவில்லை.

நாளைக்குப் பீட்டர் தன் பெரிய டிரம்மைக் கொண்டு வரவில்லை. உன்னுடையதைத்தான் வாசிக்கப்போகிறார், அவரே கேட்டார். காலையில் ஆறு மணிக்கே நான் தாராவிக்குப் போய்விடுவேன். கரி அடுப்பை மூட்டி, அந்தத் தோலை நானே காய்ச்சுவேன். மெதுவாகத்தான் காய்ச்சுவேன், பயப்படாதே.

பத்து மணிக்குச் சிவப்பு விளக்கு எரியும். பீட்டர் நாலு எண்ணுவார். உன் டிரம் விழும். ஸ்டூடியோக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கையைக் காட்டி, யாருக்குத் தாளம் தெரியவில்லை என்று கேட்டால், மைக் திறந்திருக்கும்போதே பதில் சொல்வேன். தெரியாமல் இருந்தது எனக்குத்தான் என்பேன். வேண்டாம் என்று அனுப்பிவிட்டால் உன் டிரம்மைத் தூக்கிக்கொண்டு நாலு பேரும் வீட்டுக்கு வருவோம். அந்த அரை எண்ணிக்கை உன்னுடையது. அது முழுசாகப் போய் முடிகிற வரைக்கும் என் விரல் கம்பியைத் தொடாது. இது உனக்கு நான் செய்து கொடுக்கிற சத்தியம்.

மிஸ்டர் சேஷாத்ரி என்று இனிமேல் கூப்பிடாதேடா.

உன் அத்தான்,
சேஷு